வீட்டு நீர்க் குழாயும் குடியானவரின் சிக்கனமும்

வயலுக்கு விதை வாங்கும்போது ஆயிரம் விசாரணை செய்கிற குடியானவர், வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் வாங்கும்போது அநேகமாய் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. விதையின் ரகம் யாது, முளைப்புத் திறன் எவ்வளவு, அயலூரில் சென்ற போகம் அது எவ்வளவு கண்டது என்பனவற்றை நாலு பேரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே விதைப் பையை அவிழ்க்கிறார். அதே மனிதர் குழாய்க் கடையில், “அண்ணாச்சி, முக்கால் இஞ்சு பைப் பத்து லென்த் கொடுங்கள், விலை குறைந்ததாய்ப் பார்த்துக் கொடுங்கள்” என்று சொல்லி, கொடுத்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார். அதுவும் இல்லையென்றால், தோட்டத்தில் பாசனத்துக்குப் புதைத்தது போக மிஞ்சிக் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, அவற்றையே வீட்டுக்கும் ஒட்டிவிடுகிறார். விதை தவறினால் நஷ்டம் ஒரு போகத்தோடு போகும். சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் வைத்துப் பூசிய குழாய் தவறினாலோ, அதனை எடுத்தெறியும் வரையில் நஷ்டம் தீராது.

இவ்விஷயத்தில் குடியானவர்கள் கைக்கொள்ளும் சிக்கனம் உண்மையான சிக்கனம் அன்று என்பதே இங்கே நிலைநாட்டப் புகுந்த கருத்து. விலை உயர்ந்த குழாயே நல்ல குழாய் என்பதும் சரியன்று. ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு குழாய் ஏற்றதாய் இருக்கிறது. அவ்விடத்தில் நேரக்கூடிய மிகுந்த அழுத்தம் எவ்வளவு, மிகுந்த வெப்பம் எவ்வளவு என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே குழாயின் விலையைக் கேட்க வேண்டும்.

பிளாஸ்டிக் ஒன்றன்று, பல

பிளாஸ்டிக் குழாய் என்று ஒரே பெயரால் வழங்கினாலும், கடையில் விற்பவை ஒன்றுக்கொன்று வேறான சரக்குகளாகும். வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ உள்ள விறைப்பான குழாய் பி.வி.சி. என்பது. அதில் மெதுவாக்கும் பொருள் சேராதது யு.பி.வி.சி. எனப்படும். இவ்வகைக் குழாய் ஜெர்மனி தேசத்தில் 1930-களிலேயே நீர்க் குழாயாகப் புதைக்கப்பட்டது. அதே பொருளில் குளோரினை அதிகமாக ஏற்றி வெந்நீரைத் தாங்கும்படி செய்தது சி.பி.வி.சி. ஆகும். கறுப்பாய், சுருளாய்ச் சுற்றி வருகிற எச்.டி.பி.இ. என்பது பாலிஎதிலீன் வகையைச் சேர்ந்தது. பாலிஎதிலீன் இங்கிலாந்தில் 1933-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதன் அடர்த்தி மிக்க வகையைச் செய்யும் வழி ஜெர்மனியில் 1953-இல் வெளிப்பட்டது. பி.பி.ஆர். என்னும் குழாய் பாலிபுரோபிலீன் வகையைச் சேர்ந்தது. அதனைச் சூடேற்றி உருக்கி இணைப்பார்கள்.

இவற்றோடு கடையில் அருகருகே கிடக்கும் வேறு இரண்டு குழாய்களும் உண்டு. ஒன்று மின்சாரக் கம்பி செல்லும் குழாய். மற்றொன்று கழிவு நீரும் மழை நீரும் இறங்கும் குழாய். இவ்விரண்டும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்தவை அல்ல. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதாலும், விலை குறைவாய் இருப்பதாலும், சில வீடுகளில் கம்பிக் குழாயே தண்ணீருக்குப் போடப்படுகிறது. அது எத்தனை நாள் இருக்கும் என்பதை அன்றி, இருக்குமா என்பதை ஆராய வேண்டியதில்லை.

‘கிலோ’ என்பதன் பொருள்

கடையில் “நாலு கிலோ பைப்”, “ஆறு கிலோ பைப்” என்று சொல்வதைக் கேட்டுப் பலர் அதனைக் குழாயின் எடை என்று எண்ணிக்கொள்கிறார்கள். எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் எத்தனை கிலோகிராம் அழுத்தத்தை அக்குழாய் நீண்டகாலம் தாங்கும் என்பதையே அது குறிக்கிறது. யு.பி.வி.சி. குழாய்க்குரிய இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 4985 ஆகும், அது 1968-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியாயிற்று. அதன்படி 2.5, 4, 6, 8, 10, 12.5 கிலோ என்று ஆறு வகுப்புகள் இருக்கின்றன. வகுப்பு ஏற ஏறக் குழாயின் சுவர் தடிக்கிறது. வெளிச் சுற்றளவு மாறுவதில்லை. ஆகையால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டரைக் கிலோக் குழாயும் பத்துக் கிலோக் குழாயும் ஒன்றாகவே தோன்றும். நுனியில் சுவரின் கனத்தைப் பார்த்தாலன்றி வேற்றுமை தெரியாது.

இவ்வழுத்தத்தைக் கணக்கிடுவது கடினமன்று. 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய 33 அடி உயரம் நிற்கும் தண்ணீர், அடியில் ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கொடுக்கிறது. மாடியின்மேல் வைத்த தொட்டி குழாய் வாயைவிட 5 மீட்டர் உயரத்தில் இருந்தால், அங்கே கிடைப்பது அரைக் கிலோ அழுத்தமே. இதனைப் பார்த்து, “அரைக் கிலோவுக்கு இரண்டரைக் கிலோக் குழாய் ஐந்து மடங்கு தாராளம் அல்லவா?” என்று கேட்பார்கள். தொட்டித் தண்ணீர் மட்டுமே அக்குழாயில் என்றென்றும் ஓடுமானால் அக்கேள்வி நியாயமே. ஆனால் தோட்டத்து வீடுகளில் நடப்பது வேறு.

அடைத்த வால்வின் அழுத்தம்

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தொட்டிக்கோ வாய்க்காலுக்கோ செல்லும் பெரிய குழாயில் ஒரு ‘டீ’ வைத்து, அங்கிருந்து வீட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நேரே இணைப்பு எடுப்பது இப்பொழுது பெருவழக்காய் இருக்கிறது. மோட்டார் ஓடுகையில் தண்ணீர் வாய்க்காலில் தாராளமாய் விழுந்துகொண்டிருக்கும் வரையில், அக்குழாயில் அழுத்தம் மிகச் சொற்பமே. பாசனக் குழாய் இரண்டரைக் கிலோ வகுப்பாய் இருந்தும் இருபது வருஷம் வெடிக்காமல் இருப்பதன் ரகசியம் இதுதான். அதன் வாய் திறந்திருக்கிறது. வீட்டுக் குழாயின் வாயோ அநேக நேரம் அடைத்திருக்கிறது. வாய்க்கால் வால்வையும் அடைத்துவிட்டு மோட்டாரை ஓட்டினால் என்ன நேரிடும் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்ணீர் வெளியேறாமல் வால்வு முழுதும் அடைத்த நிலையில் 80 மீட்டர் உயரம் வரையில் உந்தக்கூடிய நீர்மூழ்கி மோட்டார் ஒன்று கிணற்றில் இருப்பதாக வைத்துக்கொள்க. சித்திரை வைகாசியில் கிணற்றின் நீர்மட்டம் 40 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அப்பொழுது வால்வை அடைத்தால், தரைமட்டத்தில் உள்ள குழாயில் 80-இல் 40 போக, 40 மீட்டருக்குரிய அழுத்தம், அதாவது ஏறத்தாழ 4 கிலோ ஏறும். இதே கிணற்றில் ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் நீர்மட்டம் 10 மீட்டருக்கு ஏறிவிட்டால், அதே மோட்டார், அதே குழாய், அதே வால்வு. ஆனால் அழுத்தம் 7 கிலோ. கோடையில் போட்டுச் சோதித்து நன்றாயிருக்கிறது என்று மண் மூடிய நாலு கிலோக் குழாய் மார்கழியில் வெடிப்பதற்குக் காரணம் குழாய் பழையதாய்ப் போனதன்று, கிணறு நிறைந்ததுதான். கிணறு நிறைந்த சந்தோஷத்தில் இருக்கும் குடியானவருக்கு இது தோன்றுவதில்லை.

இதற்கு மேலும் ஒரு தீங்கு உண்டு. மும்முனை மின்சாரம் வந்தவுடன் தானே ஓடத் தொடங்கும் ஸ்டார்ட்டர்கள் பல கிணறுகளில் இருக்கின்றன. மின்சாரம் நடுநிசியில் வருகிறது. எல்லா வால்வுகளும் அடைத்திருக்க, மோட்டார் ஓடத் தொடங்குகிறது. குழாய் தாங்கினால், நீரோட்டம் இன்றி மோட்டார் சூடேறிக் கெடுகிறது. குழாய் தாங்காவிட்டால், விடியும் வரையில் தண்ணீர் அடித்தளத்தைக் கரைக்கிறது. இவ்விரண்டில் எது சிறிய நஷ்டம் என்று தேர்ந்தெடுக்கும் நிலைமையை ஒருவர் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

ஓடுகின்ற நீரைத் திடீரென்று நிறுத்துவதாலும் அழுத்தம் எழும்புகிறது. வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் கண்ணிமைக்கும் நேரத்தில் தடைப்பட்டால், பி.வி.சி. குழாயில் 3 முதல் 5 கிலோ வரையில் கூடுதல் அழுத்தம் அலைபோல் ஓடி மீள்கிறது. அதே அதிர்ச்சி இரும்புக் குழாயில் 12 கிலோவுக்கும் மேற்படும். பிளாஸ்டிக் சிறிது விரிந்து கொடுப்பதால் குறைகிறது. கால் சுற்றில் அடைபடும் பால் வால்வைப் படீரென்று திருப்புவதும், மோட்டார் நிற்கும்போது நீரைத் திரும்பவிடாத வால்வு அறைந்து மூடுவதும் இவ்வதிர்ச்சிக்குக் காரணங்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை வருஷக்கணக்காய் இவ்வடி விழுந்தால், முதலில் விடுவது எல்போவும் டீயுமே.

ஆகையால் செய்யத்தக்கது இரண்டு. முதலாவது, கிணற்று மோட்டாருக்கும் வீட்டுக் குழாய்க்கும் நேர் உறவு இல்லாமற் செய்வது. மோட்டார்த் தண்ணீர் தொட்டியின் மேல்வாயில் திறந்தபடியே விழவேண்டும். தொட்டியிலிருந்து தன் பாரத்தால் வீட்டுக்கு இறங்க வேண்டும். தொட்டி நிறைந்ததும் குழாயை அடைக்கும் மிதவை வால்வு அங்கே கூடாது. மோட்டாரை நிறுத்தும் மட்டக் கருவியே வேண்டும். இரண்டாவது, நேர் இணைப்புத் தவிர்க்க முடியாத இடத்தில், மழைக்காலத்து நீர்மட்டத்தை வைத்து அடைத்த வால்வின் அழுத்தத்தைக் கணக்கிட்டு, அதற்கு மேற்பட்ட வகுப்பை வாங்குவது. மோட்டாரின் வாயில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தி, வால்வை மெதுவாக அடைத்துச் சில வினாடிகள் முள்ளைப் பார்த்துவிட்டுத் திறந்தால், அன்றைய அழுத்தம் தெரிந்துவிடும். நீர்மட்டம் இனி எத்தனை மீட்டர் ஏறக்கூடுமோ, அதில் 10 மீட்டருக்கு ஒரு கிலோ வீதம் கூட்டிக்கொள்க. அழுத்தமானியின் விலை ஒரு தடவை சுவரை உடைத்துப் பூசும் கூலிக்கு மிகக் குறைவு.

வெயிலும் வெந்நீரும்

குழாயின்மேல் எழுதிய வலிமை எல்லா வெப்ப நிலையிலும் நிற்பதில்லை. யு.பி.வி.சி. குழாய் 23 டிகிரியில் தாங்குவதில் ஏறத்தாழ பாதியைத்தான் 43 டிகிரியில் தாங்கும். 60 டிகிரியிலோ ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மட்டுமே. இந்நாட்டுக் கோடையில் மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கும் குழாயில் நிற்கும் தண்ணீர் கையைச் சுடுவதை எல்லோரும் அறிவர். அவ்வேளையில் அந்த ஆறு கிலோக் குழாய் உண்மையில் மூன்று கிலோக் குழாயே.

சூரிய வெப்பத்தால் நீர் காய்ச்சும் கருவிகளும் கீசர்களும் கிராமங்களில் வந்துவிட்ட பின், யு.பி.வி.சி. குழாயையே வெந்நீருக்கும் இழுத்துவிடுவது பெருந்தவறு. அது முதலில் தொய்யும், பின் ஒட்டிய இடத்தில் விடும். வெந்நீருக்கு சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். குழாயே உரியது. தடித்த வகை சி.பி.வி.சி. குழாய் 23 டிகிரியில் 28 கிலோவும், 82 டிகிரியில் 7 கிலோவும் தாங்குவது. அதுவும் காய்ச்சும் கருவியின் வாயில் நேரே பொருந்தலாகாது. ஓரிரண்டு அடி உலோகக் குழாய் வைத்து, அதற்கப்பால் பிளாஸ்டிக்கைத் தொடங்குவதே முறை.

வெப்பத்தால் பிளாஸ்டிக் நீளவும் செய்கிறது. 10 மீட்டர் நீளமுள்ள பி.வி.சி. குழாய் காலைக் குளிர்ச்சிக்கும் பகல் வெயிலுக்கும் இடையே 25 டிகிரி சூடேறினால், ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளும். எச்.டி.பி.இ. குழாய் அதனினும் இரண்டு மடங்குக்கு மேல் நீளும். ஆகவே சுவரில் குழாயைப் பிடிக்கும் கிளாம்பு நழுவ இடங்கொடுக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் வளைந்து எல்போவை முறிக்கும்.

வெயிலின் ஒளியே பி.வி.சி.யை நாளடைவில் நொறுங்கச் செய்கிறது. வெளியில் ஓடவேண்டிய குழாயை வெளிர் நிறத் தண்ணீர்ப் பெயிண்டால் பூசுவது நலம். எண்ணெய்ப் பெயிண்டில் உள்ள கரைப்பான் குழாயைத் தாக்கும். எச்.டி.பி.இ. குழாய் கறுப்பாய் இருப்பது அழகுக்காக அன்று. அதில் சேர்த்துள்ள கரித்தூள் வெயிலைத் தடுக்கிறது.

எவ்விடத்துக்கு எக்குழாய்

கிணற்று மேட்டிலிருந்து தோட்டத்தின் ஊடே வீட்டுத் தொட்டி வரையில் மண்ணுக்குள் செல்லும் நீண்ட குழாய்க்கு எச்.டி.பி.இ. சுருளே மேலானது. நூறு மீட்டரும் நடுவில் இணைப்பின்றிச் செல்லும். மண் அசைந்தாலும் வளைந்து கொடுக்கும். நீர் அதிர்ச்சியையும் நன்கு பொறுக்கும். அதற்குரிய தரம் ஐ.எஸ். 4984. அதில் பி.இ. 63, பி.இ. 80, பி.இ. 100 என்று பொருளின் வலிமைக்குத் தக்க தரங்கள் உண்டு. எலி கடிப்பது இதற்கு ஒரு குறை. ஆழமாய்ப் புதைத்தால் அது குறையும்.

வீட்டுச் சுவருக்குள் குளிர்ந்த நீருக்குத் தடித்த யு.பி.வி.சி. அல்லது சி.பி.வி.சி. ஏற்றது. குளிர் நீருக்கு ஒன்றும் வெந்நீருக்கு ஒன்றுமாய்ச் சுவருக்குள் இரண்டு சரக்குகளைக் கலந்து குழம்புவதைக் காட்டிலும், சிறிய வீட்டில் முழுதும் சி.பி.வி.சி.யாகவே போட்டுவிடுவது உத்தமம். சுவருக்குள் ஆறு கிலோவுக்குக் குறைந்த எதுவும் நுழையலாகாது. பத்துக் கிலோ வைத்தால் தவறில்லை. இன்று தொட்டித் தண்ணீர் மட்டும் ஓடும் வீட்டில், நாளை மகன் அழுத்த மோட்டார் ஒன்றைப் பொருத்துவான். அப்பொழுது குழாயை மாற்ற முடியாது.

மாடுகள் உரசும் இடத்திலும், குழந்தைகள் தொங்கும் முற்றத்துக் குழாயிலும், வண்டி இடிக்கும் மூலையிலும் ஜி.ஐ. குழாயே நிலைக்கும். ஜி.ஐ.யே எங்கும் சிறந்தது என்று வாதிக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். உப்பு நீர்க் கிணறுகளில் ஜி.ஐ. துருப்பிடித்து உள்வாய் சிறுத்துப் போவதை அவர்களே கண்டிருப்பார்கள். வெளியே வெறுமனே நிற்கும் இடத்துக்கு இரும்பு, மறைந்து கிடக்கும் இடத்துக்குப் பிளாஸ்டிக் என்று கொள்வது நடுநிலையான தீர்ப்பு.

குழாயின் விட்டத்திலும் சிக்கனம் தவறான இடத்தில் செய்யப்படுகிறது. ஒரே அளவு தண்ணீர் செல்லுகையில், உள்விட்டம் பாதியானால் உராய்வினால் இழக்கும் அழுத்தம் ஏறத்தாழ முப்பது மடங்காகிறது. தொட்டியிலிருந்து இறங்கும் முதல் குழாயைச் சிறிதாக்கிவிட்டு, குளியலறையில் தண்ணீர் வரவில்லை என்று அழுத்த மோட்டார் வாங்குவது, வாய்க்கால் தலைப்பை அடைத்துவிட்டுக் கடைமடையில் ஏற்றம் போடுவதற்கு ஒப்பாகும். முதல் குழாயைப் பெரிதாக்குக, கிளைகள் சிறுக்கட்டும்.

இணைப்பிலேயே பிழை

குழாய் வெடித்தது என்று சொல்லப்படுவதில் பெரும்பாலும் வெடித்தது குழாயன்று, இணைப்புத்தான். யு.பி.வி.சி.க்குரிய சொல்யூஷன் வேறு, சி.பி.வி.சி.க்குரியது வேறு. எச்.டி.பி.இ.யும் பி.பி.ஆரும் எந்தச் சொல்யூஷனாலும் ஒட்டா; அவற்றை உருக்கியோ, இறுக்கும் பொருத்துகளாலோ இணைக்க வேண்டும். இவற்றைச் சொல்யூஷனால் ஒட்டித் துணி சுற்றிக் கம்பி கட்டியிருப்பதைத் தோட்டங்களில் சாதாரணமாய்க் காணலாம்.

அளவிலும் மயக்கம் உண்டு. மில்லிமீட்டர்க் கணக்கில் 25 என்பது வெளிவிட்டம். இஞ்சுக் கணக்கில் முக்கால் இஞ்சுக் குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 26.7 மில்லிமீட்டர். சி.பி.வி.சி.யில் முக்கால் இஞ்சு என்று வழங்குவதன் வெளிவிட்டமோ 22.2 மில்லிமீட்டர். மூன்றும் பேச்சில் ‘முக்கால்’. ஒன்றின் எல்போவில் மற்றொன்றைச் சூடுகாட்டி விரித்து நுழைக்கும் பிளம்பர் சமர்த்தர் அல்லர். பின்னால் வரும் ஒழுக்குக்கு விதையிட்டவர்.

ஒட்டும் முறை எளிது. குழாயை நேராய் அறுக்க வேண்டும். பிசிறை நீக்கித் துடைக்க வேண்டும். இரு பக்கமும் சொல்யூஷன் தடவி, கால் சுற்றுத் திருகி அடிவரை நுழைத்து, அரை நிமிஷம் அசையாமல் பிடிக்க வேண்டும். ஒரு நாள் கழித்தே அழுத்தம் கொடுக்க வேண்டும். மாலையில் ஒட்டி, விருந்தினர் வருகிறார்கள் என்று இரவே தண்ணீர் விடுவதனால் கெட்ட வேலைகள் அநேகம். இரும்புத் திருகை வெறும் பிளாஸ்டிக்குக்குள் முறுக்கினால் பிளந்துவிடும். குழாய் வாய்களில் பித்தளை பதித்த எல்போவையே வைக்க வேண்டும். சணலும் வர்ணமும் இரும்புக்கு. பிளாஸ்டிக்குக்கு டெஃப்லான் டேப்பே தகும்.

சுவர் பூசுமுன்னும் பள்ளம் மூடுமுன்னும் சோதனை அவசியம். குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றை முழுதும் வெளியேற்றி, வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு ஏற்றி, ஒரு மணி நேரம் முள் இறங்காமல் நிற்பதைப் பார்க்க வேண்டும். காற்றை ஏற்றிச் சோதிப்பது உயிருக்கு ஆபத்து. அடைந்த காற்று வில்போல் விசையைத் தேக்கி வைப்பதால், பி.வி.சி. உடையும்போது சில்லுகள் பறந்து தாக்கும்.

முத்திரையைப் படித்தல்

நல்ல குழாயின்மேல் அதன் அளவும் வகுப்பும் தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் வரிசையாய் அச்சிட்டிருக்கும். அவ்வுரிம எண் மெய்தானா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் கைப்பேசிச் செயலியில் கடையிலேயே நின்று பார்த்துக்கொள்ளலாம். எழுத்தில்லாத குழாயை யார் எவ்வளவு புகழ்ந்து கொடுத்தாலும் குடிநீருக்கு வாங்கலாகாது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த குழாய்களில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. பி.வி.சி.யைப் பக்குவப்படுத்த ஈயச் சேர்மானங்களைச் சேர்க்கும் வழக்கம் இருந்தது. அதனை ஒழிப்பதற்காக மத்திய அரசு 2021-ஆம் ஆண்டில் விதிகள் செய்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. தர முத்திரையைக் காகிதச் சடங்கு என்று எண்ணுவோர் இதனை மனத்திற் கொள்வாராக.

புதுச் சரக்கு என்பதனால் மட்டும் எதனையும் நம்பிவிடலாகாது என்பதற்கு அமெரிக்க தேசத்துச் சரித்திரம் ஒன்று சான்று. 1978 முதல் 1995 வரையில் அங்கே லட்சக்கணக்கான வீடுகளில் பாலிபியூட்டிலீன் என்னும் குழாய் போடப்பட்டது. மலிவாயும் வேலைக்கு எளிதாயும் இருந்தமையால் எல்லோரும் விரும்பினார்கள். குடிநீரில் கலக்கும் குளோரின் அக்குழாயையும் அதன் பொருத்துகளையும் உள்ளிருந்தே அரித்தது, வீடுகள் நனைந்தன, வழக்குகள் எழுந்து 1995-இல் பெருந்தொகை கொடுத்துத் தீர்க்கப்பட்டன. குழாய் போட்ட நாளில் குற்றம் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஊர் அதிகாரிகளுக்கு

வீட்டுக்கு வீடு குழாய் நீர் வழங்கும் ஜல் ஜீவன் திட்டம் 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அதன் அளவு. அதன்பின் ஊராட்சித் தலைவர்களுக்கும் செயலர்களுக்கும் குழாய் விஷயம் நேர் பொறுப்பாகியிருக்கிறது. ஊர்க்குழாயில் தண்ணீர் நாள் முழுதும் நிற்பதில்லை. சில மணி நேரமே வருகிறது. வரும்போது ஒழுகும் இணைப்பு, நின்றபின் வெளியில் உள்ளதை உள்ளே இழுக்கிறது. சாக்கடையின் அடியில் ஓர் இணைப்பு ஒழுகினால், மறுநாள் முதல் குடத்தில் வருவது சாக்கடை நீரே. வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து நேரே உறிஞ்சும் வழக்கம் இத்தீமையைப் பன்மடங்கு பெருக்குகிறது. அண்டை வீட்டாரின் பங்கைக் கவர்வதோடு, அவர்கள் குழாயில் அழுக்கையும் இழுத்துவிடுகிறது. செல்வாக்குள்ள வீடுகளிலேயே இவ்வழக்கம் முதலில் தொடங்குவதால், அதனை நிறுத்துவதும் அவ்வீடுகளிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஊராட்சியார் மூன்று காரியங்களை வற்புறுத்தலாம். ஒப்பந்தக்காரர் பள்ளத்தை மூடுமுன் தண்ணீரழுத்தச் சோதனை நடத்தி ஊரார் முன்னிலையில் காட்ட வேண்டும். குழாயின் அடியில் கல் இல்லாமல் மணல் பரப்பி, வண்டி போகும் இடத்தில் முழங்காலுக்கு மேற்பட்ட ஆழத்தில் புதைத்து, சாக்கடையைக் கடக்கும் இடத்தில் இணைப்பு வராமற் பார்க்க வேண்டும். கடைசியாக, குழாய் எவ்வழி செல்கிறது, வால்வு எங்கே இருக்கிறது என்பதை நிலையான மூலைக் கற்களிலிருந்து அளந்து ஒரு படம் வரைந்து அலுவலகத்தில் வைக்க வேண்டும். நிலத்துக்குப் புலப்படம் இருப்பதுபோல் நீருக்கும் ஒன்று இருக்கட்டும். வீட்டுக்காரரும் அங்ஙனமே ஒரு படம் வரைந்து பத்திரத்தோடு வைத்துக்கொண்டால், பின்னால் ஆணி அடிக்கும் தச்சர் குழாயைத் துளைக்கமாட்டார்.

முடிவு

“இவ்வளவும் பார்த்தால் செலவு ஏறுமே” என்பதே கடைசியாக எழும் ஆட்சேபம். ஏறத்தான் செய்யும். ஆனால் ஒரு வீட்டின் குழாய்ச் செலவில், குழாயின் விலை ஒரு பங்குதான். வெட்டும் கூலியும், ஒட்டும் கூலியும், பூச்சும், ஓடும் மற்றப் பங்கு. வகுப்பை ஒரு படி உயர்த்துவதால் கூடுவது முதற் பங்கில் ஒரு சிறு பகுதி. குழாய் விட்டால் மீண்டும் கொடுக்க வேண்டியதோ எல்லாப் பங்குகளும். மேலும் கணக்கில் எழுதப்படாத செலவு ஒன்று இருக்கிறது. குழாய் நின்ற வீட்டில் தண்ணீர் தேடிக் குடத்தோடு நடப்பவர் குழாய் வாங்கிய குடும்பத் தலைவர் அல்லர், அவ்வீட்டுப் பெண்களே. கடையில் அவர் மிச்சப்படுத்திய சில நூறு ரூபாய்க்கு வட்டி கட்டுவது அவர்களுடைய இடுப்பு.

பாசனத்துக்கு மிஞ்சிய குழாயைப் பாசனத்துக்கே வைத்துக்கொள்க. திறந்த வாய்க்கு மெலிந்த குழாய் போதும். அடைத்த வாய்க்குத் தடித்த குழாய் வேண்டும். வெந்நீருக்கு அதற்குரிய குழாயே வேண்டும். இம்மூன்றையும் நினைவில் வைத்து, கடைக்குப் போகுமுன் கிணற்றின் மழைக்கால நீர்மட்டத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டு செல்பவர் ஏமாற மாட்டார். வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்ன பெரியோர், கிணறு நிறையுமுன் குழாயை உறுதி செய்துகொள்வதையும் சேர்த்தே சொன்னதாகக் கொள்ளலாம்.